கம்பி மாறும்

என் வீட்டில் ஒரு சொல்லைத் தடைசெய்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் 'விடும்' என்று சொல்லலாம். புண் வந்தால் 'ஆறும்' என்று சொல்லலாம். 'மாறும்' என்று யாரும் சொல்லக்கூடாது. தேங்காய் திருவும்போது விரலைக் கிழித்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் வாசல் படலையில் நின்று, "பரவாயில்லை ஐயா, ரெண்டு நாளில மாறிடும்" என்றாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டேன். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று அவள் ஊருக்குச் சொல்லட்டும்.

எங்கள் பக்கத்தில் வருத்தம் குணமாவதில்லை, மாறுகிறது. சளி மாறும், தலையிடி மாறும், பிள்ளைக்கு வயிற்றோட்டம் மாறும். பிறந்த நாள் முதல் கேட்ட சொல் என்பதால் அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லால்தான் என் பேத்தியின் தொடைக்குள் இருந்த இரும்பு எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதைக் கேட்டு வந்து சொன்ன குற்றத்துக்காக என் மகள் தன் வீட்டிலேயே குற்றவாளியாக நின்றாள்.

நான் துறைமுகத்தில் எண்ணிக்கைக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலில் இருந்து மூட்டை இறங்கும்போது இரண்டு பேர் எண்ணுவோம். கப்பல் தட்டில் ஒருவர், கரையில் ஒருவர். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால்தான் இருவரும் கையெழுத்து வைப்போம். ஒரு மூட்டை வித்தியாசம் என்றாலும் லொறி நகராது. சாரதிகள் என்னைத் தூஷணத்தில் திட்டுவார்கள். நான் மறுபடி எண்ணுவேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. மதில் மேல் காகத்தையும் எண்ணுகிறேன், சாப்பாட்டில் அகப்படும் கல்லையும் எண்ணுகிறேன்.

பேத்தியின் முறிவுகளையும் அப்படித்தான் எண்ணிவந்தேன். எலும்பு நொய்ந்து பிறந்த பிள்ளை. கண்ணின் வெள்ளை நீலம் பாரித்திருக்கும். பார்க்க வருகிறவர்கள், "என்ன வடிவான கண்" என்பார்கள். அந்த வடிவும் வருத்தத்தின் அடையாளம்தான் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி அலுத்துவிட்டேன். நான்கு வயதுக்குள் பதினொரு முறிவு. அதில் ஏழு வலது தொடையில். ஒன்று, சட்டைக் கைக்குள் கையை நுழைக்கும்போது நடந்தது. தாய் பிள்ளைக்குச் சட்டை போட்டாள், அவ்வளவுதான். அன்றைக்கும் சனம் தாயைத்தான் பார்த்தது.

அதன் பிறகுதான் தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஆஸ்பத்திரி தெரிந்துவிடும், ஆஸ்பத்திரி தெரிந்தால் அந்த வைத்தியரும் தெரிந்துவிடுவார். அவரைச் சனத்தின் வாயில் போட எனக்கு விருப்பமில்லை. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

வளைந்த தொடை எலும்பைத் துண்டுகளாக வெட்டி, நேராக்கி, மணி கோப்பதுபோல ஒரு கம்பியில் கோத்து வைப்பார்கள். கம்பி எலும்பின் நடுத்துளைக்குள் கிடந்து அதைத் தாங்கும். அது நல்ல வேலை. அதில் எனக்குக் குறை இல்லை. என் குறை ஆஸ்பத்திரிக் கேற்றில் தொடங்குகிறது. பார்வையாளர் நேரம் போக, சிறுவர் வாட்டுக்குள் தாய் மட்டும்தான் நிற்கலாம்; வைத்தியர் வருவதோ அந்த நேரத்துக்கு வெளியே. எனக்குச் சிங்களம் தெரியும்; துறைமுகத்தில் சிங்களம் இல்லாமல் ஒரு மூட்டையும் இறங்காது. என் மகளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவள் படித்த காலத்தில் யுத்தத்தால் பள்ளிக்கூடம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. ஆக, மொழி தெரிந்தவன் வெளியே, தெரியாதவள் உள்ளே. காவலாளியிடம் இதை அவனுடைய மொழியிலேயே சொன்னேன். "சட்டம் அதுதான் தாத்தா" என்றான். வாட்டின் கண்ணாடித் தட்டு ஜன்னல்களை எண்ணிக்கொண்டு மருமகனோடு மர நிழலில் நின்றேன். உடைந்தவற்றைத் தனியாகவும் எண்ணினேன்.

சத்திரசிகிச்சை முடிந்த அடுத்த நாள் மகள் கேற்றடிக்கு ஓடிவந்தாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல காலம்.

"அப்பா, டொக்டர் தமிழ் கதைக்கிறார்!"

"உண்மையாவோ?"

"ஓம் அப்பா. கட்டில்ல கைய வைச்சுக்கொண்டு என்னோட தமிழிலதான் கதைச்சவர். பயப்படாதைங்கோ அம்மா, பிள்ளை வளரேக்க மாறும் எண்டவர். கட்டாயம் மாறுமாம்."

"கட்டாயம் எண்டு சொன்னவரோ?"

"ரெண்டு தரம் சொன்னவர்."

அவளும் அழுதாள், நானும் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்தேன். வீட்டுக்கு வந்ததும் வெருகல் முருகனுக்கு வைத்த நேர்த்திக்கடனைச் செய்தோம். ஆஸ்பத்திரியில் தந்த அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. அதை நானே வாசித்தேன். வலது தொடை எலும்பு, கம்பி, மீண்டும் கிளினிக். அதற்கு மேல் ஒரு வரி இல்லை.

பிள்ளை நடந்தாள். வோக்கரைத் தள்ளிக்கொண்டு முதலில் குசினி வரை, பிறகு படலை வரை. பின்னேரங்களில் சக்கரக் கதிரையில் வைத்து அவளைக் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போவேன். எங்கள் ஊரில் மான்கள் மாடுகள்போல வீதியில் திரியும். குப்பைக்குள் தலையை விட்டு மரக்கறித் தோல் தின்னும்.

"அம்மப்பா, மானின்ட காலுக்குள்ளயும் கம்பி இருக்கா?"

"இல்லை."

"அப்ப உந்த ஈர்க்குக் காலை வைச்சுக்கொண்டு எப்பிடி மதில் பாயுது?"

"அது பாயும். நீ பாயக் கூடாது."

"நான் பாய்ஞ்சா மதில்தான் முறியும். என்ட கால் இரும்பு."

அவ்வளவு வாய்.

மீண்டும் கிளினிக்குக்குப் போகவேண்டிய காலத்தில் ஊரடங்கு. அது முடிய, பெற்றோலுக்கு வரிசை. வான்காரர் யாரும் அவ்வளவு தூரம் வர ஒப்பவில்லை. நொய்ந்த பிள்ளையை நெருக்கிப் பிதுக்கும் பஸ்ஸில் ஏற்ற ஏலாது; ஏற்றியிருந்தால் என் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், நாங்கள் யாரும் பதறவில்லை. ஏன் பதறவேண்டும்? பிள்ளை வளர்கிறாள், வளர மாறும் என்று சொல்லியிருக்கிறார். எலும்புக்கு மருந்தேற்ற இங்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் கொண்டுபோனோம். அங்கே கையைப் பிடித்தார்கள், நரம்பைத் தேடினார்கள், ஊசி குத்தினார்கள். ஒருவராவது போர்வையை நீக்கிக் காலைப் பார்க்கவில்லை. மருந்தேற்றுகிற இடத்தில் மருந்துதான் ஏற்றுவார்களாம்.

அவளுக்கு எட்டு வயதானபோது முழங்காலுக்கு மேலே தொடை முன்பக்கம் வளையத் தொடங்கியது. நடக்கும்போது முகம் சுளிப்பாள். கேட்டால் இல்லை என்பாள். மகள் எண்ணெய் பூசிவிட்டு, "வளர்ற எலும்பு நோகும்தானே. மாறும் எண்டு சொன்னவர்" என்பாள். எனக்கும் சொன்னாள், தனக்கும் சொன்னாள். ஒருநாள் காலை பிள்ளை என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மப்பா, இஞ்ச தொட்டுப் பாருங்கோ. கம்பி எட்டிப் பாக்குது."

பகிடியாகத்தான் சொன்னாள். தொட்டேன். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு முனை. அதன் மேல் தோல் மெலிந்து பளபளத்தது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது படிக்காதவனுக்கும் விளங்கியிருக்கும். எலும்பு நான்கு வருடம் வளர்ந்திருந்தது. கம்பி அதே கம்பி. நான்கு வயதுத் தொடைக்கு வெட்டிய அளவு எட்டு வயதுத் தொடைக்குள் கட்டையாகக் கிடந்தது. கம்பி முடிந்த இடத்துக்குக் கீழே எலும்புக்குத் தாங்கல் இல்லை. அங்கேதான் வளைந்து வெடித்திருந்தது. அந்த வளைவில் கம்பியின் முனை எலும்பின் முன்சுவரைக் குத்திக்கொண்டு வெளியே நின்றது.

அங்கிருந்த இளம் வைத்தியர் தமிழ்ப் பிள்ளைதான். என் மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"பிள்ளை வளர வளரக் கம்பி மாத்தவேணும் எண்டு உங்களுக்குச் சொல்லேல்லயா?"

"மாறும் எண்டு சொன்னவை" என்றாள் மகள்.

"மாறுறதோ? இரும்பு எப்பிடியம்மா தானா மாறும்? இது தோலைக் கிழிச்சா கிருமி எலும்புக்குள்ள இறங்கும். பிறகு நடக்கிறதைப் பற்றி இல்லை, காலைக் காப்பாத்திறதைப் பற்றித்தான் கதைக்கவேணும். என்ன தாய் நீங்கள்?"

வரிசையில் காத்திருந்த சனம் முழுவதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. 'என்ன வைத்தியர் நீங்கள், இந்தப் பிள்ளை மாதா மாதம் உங்கள் கட்டடத்துக்குள்தானே வந்துபோனது' என்று கேட்க வாயெடுத்தேன். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வீட்டில் மருமகன் காத்திருந்தார். சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஊரில் கலியாணம் முடித்தவர், கடற்றொழில். உரத்துப் பேசாதவர். அன்றைக்கும் உரத்துப் பேசவில்லை, அதுதான் மோசம்.

"உள்ளுக்கு நிண்டது நீதானே. நானும் மாமாவும் வெளியாலதானே நிண்டனாங்கள். டொக்டர் சொன்னதை ஒழுங்காக் கேக்க ஏலாதோ உனக்கு?"

"கேட்டனான்."

"கேட்ட லட்சணம் பிள்ளைன்ட கால்ல தெரியுது."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சோறு போட்டாள், கறி போட்டாள், பிள்ளையின் காலுக்குத் தலையணை வைத்தாள். தெற்கே போக வான் கிடைக்கும்வரை அந்த வீட்டில் நான்தான் ஒரே சத்தம்.

தெற்கே, கிளினிக் அறைக்குள் தாயோடு இன்னொருவரும் போகலாம் என்றார்கள். சண்டை பிடிக்கத்தான் போனேன். என்னென்ன கேட்பது என்று வழி முழுவதும் சிங்களத்தில் அடுக்கிவைத்திருந்தேன். உள்ளே அதே வைத்தியர், தலை நரைத்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. என்றாலும் மகளிடம் மெதுவாக, தமிழில், பேசினார்.

"அம்மா, ஏன் வரவில்லை? நான் சொன்னது. பிள்ளை வளரும், மாறும். கட்டாயம் மாறும். ரெண்டு தரம் சொன்னது."

மகள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். "அப்பா, கேட்டீங்களோ? இதைத்தான் சொன்னவர். அச்சு அசல் இதைத்தான்."

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. சிங்களத்தில் 'மாரு' என்றால் ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைப்பது. பஸ் மாறினாலும் மாரு, தாளைச் சில்லறையாக்கினாலும் மாரு. அவர் தன்னுடைய மாருவைக் கையில் வைத்துக்கொண்டு தமிழைத் தேடியிருக்கிறார். அதேபோல ஒலிக்கும் ஒரு தமிழ்ச் சொல் கிடைத்தது. நம்பிவிட்டார். கம்பியை மாற்றியே ஆகவேண்டும் என்பதற்குத்தான் 'கட்டாயம்' போட்டார். நிச்சயம் குணமாகும் என்று என் மகள் அதை வாங்கிக்கொண்டாள். அவர் எவ்வளவு அழுத்திச் சொன்னாரோ அவ்வளவு நிம்மதியாக அவள் வீட்டுக்கு வந்தாள்.

அடுக்கிவைத்த வசவெல்லாம் கலைந்துபோக, அவருக்குச் சிங்களத்தில் இதை விளக்கினேன். எங்கள் ஊரில் காய்ச்சல் மாறும், சளி மாறும் என்று உதாரணங்களோடு சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்தார். கிழக்கில் வேலை செய்த காலத்தில் படித்த தமிழ் என்றும், தாய்மாரோடு தாய்மொழியில் பேசவேண்டும் என்று நினைத்ததாகவும் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் வேறு எவரும் அப்படி நினைக்கவில்லை. தமிழே தெரியாத வைத்தியராக இருந்தால் ஒரு தமிழ் தெரிந்த ஆளைக் கூப்பிட்டிருப்பார், பிள்ளையின் கால் தப்பியிருக்கும். எங்களை மதித்துப் பேசிய ஒரே ஆளின் வாயில் இருந்துதான் கேடு வந்தது. இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்குவது? இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி என்னிடம் மிச்சம் இருந்தது.

"எத்தனை தாய்மாருக்கு இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். "எண்ணவில்லை" என்றார்.

எண்ணவில்லையாம்.

வெளியே வந்து மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பின்னால் கடல் இரைந்தது.

"அப்ப, மாமா, நான் அவளுக்குச் சொன்னதெல்லாம்..."

"ஓம். சொன்னதெல்லாம்."

"அவளிட்டக் குடுங்கோ போனை."

கொடுத்தேன். மகள் காதில் வைத்துக் கேட்டாள், "ம்" என்றாள், திருப்பித் தந்துவிட்டாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என்ன சொல்லியிருந்தாலும் போதாது.

பழைய கம்பியை எடுத்து, எலும்பை மறுபடி வெட்டி நேராக்கி, நீளமான கம்பி ஒன்றைப் போட்டார்கள். பிள்ளையோடு சேர்ந்து நீளும் கம்பியும் இருக்கிறதாம், ஒன்றுக்குள் ஒன்று செருகியது. இவளுடைய எலும்புத் துளை ஒடுக்கம், அதற்குக் காணாது என்றார் வைத்தியர். அதுவும் சில நேரம் சிக்கி நீளாமல் நிற்குமாம். தோல் கிழியுமுன் வந்ததால் கிருமி இறங்கவில்லை. கால் தப்பியது, மறுபடி நடப்பாள் என்றார். நான் நம்பினேன் என்று சொல்லமாட்டேன், கேட்டுக்கொண்டேன்.

பார்வையாளர் நேரத்தில் வாட்டுக்குள் போனேன். பிள்ளை இடுப்புவரை பிளாஸ்டரில் கிடந்தாள். அடுத்த கட்டிலில் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிண்ணியாவில் இருந்து வந்த தாய் ஒருத்தியும் அவளுடைய மூன்று வயது மகனும். அதே வருத்தம், அதே நீலக் கண். அவனுக்கு முதல் கம்பி போட்டு ஒரு கிழமை. அந்தத் தாயும் என் மகளும் அதற்குள் ஒரே பிளாஸ்கில் தேத்தண்ணீர் குடிக்கும் அளவுக்குப் பழகியிருந்தார்கள்.

அன்றைக்கு வைத்தியர் அந்த நேரத்திலேயே சுற்றி வந்தார். எங்கள் கட்டிலில் நின்று, இந்தமுறை சொல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தார். சொல்லி முடித்து நகரப் போனவரை என் மகள் மறித்தாள். வாழ்நாளில் ஒரு வைத்தியரை மறித்தவள் அல்ல.

"டொக்டர், பொறுங்கோ. நீங்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லுறன். பிழையெண்டா சொல்லுங்கோ."

அவர் நின்றார். கரையும் தட்டும் எண்ணுவதுபோல இருந்தது எனக்கு.

"இந்தக் கம்பி வளராது. பிள்ளை வளருவா. வளர, கம்பி கட்டையாப் போகும். அது தானா ஒண்டும் ஆகாது. நாங்கள்தான் இஞ்ச கொண்டுவரவேணும். நீங்கள்தான் இதைக் கழட்டிப்போட்டு வேறை போடவேணும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா எக்ஸ்ரே. கால் நோகாட்டியும் எக்ஸ்ரே."

"ஓம்" என்றார் அவர். "சரி. முழுதும் சரி."

"நான் பாய ஏலாது எண்டதை விட்டிட்டீங்கள் அம்மா" என்றாள் பிள்ளை பிளாஸ்டருக்குள் இருந்து.

"நீ வாயை மூடு."

அடுத்த கட்டிலில் பிளாஸ்க் மூடி கீழே விழுந்து உருண்டது. கிண்ணியாத் தாய் எழுந்து நின்றிருந்தாள்.

"என்ன தங்கச்சி செல்றீங்க? கழட்டி வேற போடணுமா? எங்கட மகனுக்கு வளரக்குள்ள மாறும் எண்டுதானே டொக்டர் செல்லிச்சாரு. நாங்க நாளைக்கு வீட்ட போறமே!"

இரண்டு. என் எண்ணிக்கையில் அவள் இரண்டாவது. நாங்கள் அவருக்கு விளக்கிச் சொல்லி நான்கு நாள் போயிருந்தது; எங்கள் கட்டிலுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சிறு அலுமாரிதான் தடை. அந்த நான்கு நாளில் அந்த அலுமாரியை அவர் சுற்றி வரவில்லை. அவருக்கு எத்தனை கட்டில் இருக்கிறது என்று நானும் எண்ணித்தான் வைத்திருந்தேன். இருந்தாலும் என் இரத்தம் தலைக்கு ஏறியது.

வைத்தியர் ஒரு கதிரையை இழுத்து அந்தத் தாயின் முன்னால் உட்கார்ந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, சிங்களத்தில், "நீங்கள் தமிழில் சொல்லுங்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்" என்றார். தொடங்கினோம். அவர் ஒரு வசனம், நான் ஒரு வசனம், அந்தத் தாய் அதையே திருப்பி ஒரு வசனம். பாதிகூட முடியவில்லை, மணி அடித்தது. காவலாளி வந்து என் பின்னால் நின்றான். நேரம் முடிந்தது, இனித் தாய்மார் மட்டும்தான், வெளியே போங்கள் என்று சிங்களத்தில் சொன்னான். இன்னொருமுறை உரத்துச் சொன்னான்.

எனக்குச் சிங்களம் தெரியாததுபோல நின்றேன்.